பிரேக்கை எடுத்துவிடும் மருந்து

வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு பஸ்ஸை இறக்கிக்கொண்டிருந்தபோதுதான் இடது கண்ணில் அந்த நிழலை முதலில் பார்த்தேன். முன்கண்ணாடியில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று வைப்பரைப் போட்டேன். சுள்ளென்று வெயில் அடிக்கும் நேரத்தில் எதற்கு வைப்பர் என்று கண்டக்டர் எட்டிப் பார்த்தார். நிழல் போகவில்லை. தலையைத் திருப்பினால் அதுவும் கூடத் திரும்பியது. அடுத்த வளைவில் ஓரமாக நின்ற மாடு, பம்பருக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பஸ்ஸை ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்திவிட்டேன்.

"இன்னா டிரைவரே, வண்டி மக்கர் பண்ணுதா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"வண்டி நல்லாத்தான் கீது. எனக்குத்தான் கண்ணு ஒரு மாதிரியா கீது."

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். பின்னால் வந்த பஸ்ஸில் எல்லாரையும் ஏற்றி அனுப்பிவிட்டு, டிப்போவிலிருந்து வேறு டிரைவர் வரும்வரை மரவள்ளிக் கொல்லை ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு நான் எந்த வண்டியையும் ஓட்டவில்லை.

என் பெயர் பழனிவேல். எங்கள் வீடு கள்ளக்குறிச்சியில். எனக்கு ஓர் இடத்தில் உட்கார்ந்து பழக்கமில்லை. "உக்கார முடியல, உக்கார முடியலன்னு வூட்டையே சுத்தி வர்றியேப்பா, அதையாவது உக்காந்து எழுது" என்று என் மகள் கவிதா சொன்னதால் எழுதுகிறேன். கண்ணில் வந்த நோய் ஈரலுக்கு எப்படிப் போகும் என்று என்னைக் கேட்காத ஆளில்லை. இதைப் படித்தால் அவர்களுக்கும் பதில் கிடைக்கும்.

புதுச்சேரியில் ஒரு கண் ஆஸ்பத்திரியில்தான் பெயரைச் சொன்னார்கள். மெலனோமா. நம் தோலுக்கும் முடிக்கும் கறுப்பு நிறம் கொடுக்கிற அணுக்கள் கண்ணுக்குள்ளேயும் உண்டாம். அவை கட்டுக்கடங்காமல் பெருகினால் அதுதான் இந்தப் புற்றுநோய். தோலில் வருவதும் உண்டு, கண்ணுக்குள் வருவது ரொம்ப அபூர்வம் என்றார் டாக்டர். அபூர்வம் என்று சொன்னதும் என் மனைவி தனலட்சுமி, ஏதோ நல்ல சேதி போலத் தலையாட்டினாள். கட்டி பெரிதாகிவிட்டதால் கண்ணைக் காப்பாற்ற வழியில்லை, கண்ணையே எடுத்துவிட வேண்டும் என்று அவர் அடுத்துச் சொன்னது அவளுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது.

கண்ணை எடுத்தார்கள். செயற்கைக் கண் வைத்தார்கள். பார்க்கிறவர்களுக்குச் சட்டென்று வித்தியாசம் தெரியாது. ஆனால் ஒற்றைக் கண்ணோடு மலைப்பாதையில் பஸ் ஓட்ட விடமாட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் வேலை கொடுத்தார்கள். நான் ஓட்டிய வண்டியை வேறு ஒருவர் ஓட்டிக்கொண்டு போவதை ஜன்னல் வழியாகப் பார்த்து, வந்த நேரமும் போன நேரமும் எழுதுவேன். எழுதி முடித்ததும் எழுந்து நடப்பேன்.

கண்ணோடு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கண் டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. "இந்த நோய் ரத்தம் வழியா போகும். போனா பெரும்பாலும் கல்லீரலுக்குத்தான் போகும். சில பேருக்கு வருஷக்கணக்குல சும்மா இருந்துட்டு அப்புறம் தலைதூக்கும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வயித்த ஸ்கேன் பண்ணிக்கிட்டே இருங்க" என்று சொல்லி அனுப்பினார். பண்ணிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு முறையும் ஒன்றுமில்லை என்று வரும். கள்ளக்குறிச்சி புதிதாக மாவட்டமாகி, ஊரெல்லாம் புது ஆபீசுகள் வந்துகொண்டிருந்த சமயம். ஸ்கேன் எடுக்கும் பெண் எப்போதும் ஏதாவது பேசிக்கொண்டே எடுப்பாள். அந்த முறை பாதியில் பேச்சை நிறுத்திவிட்டாள். "மூச்ச இழுத்துப் புடிங்க" என்றாள். விட்டேன். மறுபடி பிடிக்கச் சொன்னாள். வலது விலாவுக்குக் கீழே ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தினாள்.

"இன்னாம்மா, எதுனா கீதா?"

"டாக்டர் சொல்லுவாருங்க."

அந்தப் பதிலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே குகை மாதிரி இருக்கிற எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள் படுக்கவைத்தார்கள். அசையக் கூடாது என்றார்கள். எனக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை. பிறகு விலாவுக்கு நடுவில் மரத்துப்போக ஊசி போட்டு, நீளமான இன்னொரு ஊசியால் ஈரலிலிருந்து துளி சதை எடுத்தார்கள். இதைத்தான் பயாப்ஸி என்கிறார்கள். கண்ணில் இருந்த அதே அணுக்கள்தான். மூன்று கட்டிகள். ஒன்று நெல்லிக்காய் அளவு, மற்ற இரண்டும் அதைவிடச் சின்னவை.

எங்களோடு இரண்டு டாக்டர்கள் பேசினார்கள். ஒருவர் கல்லீரலை அறுவை செய்கிற டாக்டர். இன்னொருவர் புற்றுநோய்க்கு மருந்து கொடுக்கிற டாக்டரம்மா.

நான் உட்காரக்கூட இல்லை. "எப்ப வெட்டி எடுக்கறீங்க சார்?" என்றேன்.

அறுவை டாக்டர் சிரித்தார். "முதல்ல உக்காருங்க. மூணும் எடுக்கக்கூடிய இடத்துலதான் இருக்கு. கல்லீரல் வெட்டினா மறுபடி வளரும். அதனால எடுக்கறது கஷ்டமில்ல. ஆனா, ஸ்கேன்ல மூணு தெரியுது. ஸ்கேன்ல தெரியாத அளவுக்குச் சின்னதா இன்னும் எத்தனை இருக்குன்னு யாருக்கும் தெரியாது. வயித்தப் பெருசா கிழிச்சு, எடுத்து, தேறி எழுந்திரிக்கறதுக்குள்ள வேற எடத்துல வந்தவங்க நிறைய பேர் இருக்காங்க."

டாக்டரம்மா ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். நம் ரத்தத்தில் காவலுக்கென்று சில அணுக்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். அவை ஆகாததைக் கண்டால் அடிக்கும். அளவுக்கு மீறி அடித்து நம்மையே காயப்படுத்திவிடாமல் இருக்க அவற்றுக்கு ஒரு பிரேக் உண்டு. புற்றுநோய் கள்ளத்தனமாக அந்த பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கிறது. "நாங்க குடுக்கப்போற ரெண்டு மருந்தும் அந்த பிரேக்க எடுத்துவிடும்" என்றார். கட்டி உள்ளே இருக்கும்போதே இதைக் கொடுத்தால், காவல் அணுக்கள் கட்டியைப் பார்த்துப் பழகும். பிறகு கட்டியை வெட்டி எடுத்தாலும், அதே சாதியைச் சேர்ந்தது எங்கே ஒளிந்திருந்தாலும் தேடிப்போய் அடிக்கும். அதுதான் அவர்கள் நம்பிக்கை.

நான் இருபது வருஷம் மலையில் வண்டி இறக்கியவன். பிரேக் இல்லை என்ற சொல்லை அவ்வளவு சாதாரணமாக ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை.

"பிரேக் இல்லாத வண்டி கீழ எறங்குனா இன்னா ஆவும் மேடம்?"

அவர் நேராகவே சொன்னார். "அதுதான் இதுல இருக்கற ஆபத்து. உங்க குடல், தோல், தைராய்டு, நல்லா இருக்கற ஈரல், எதை வேணா அந்த அணுக்கள் அடிக்கலாம். வாராவாரம் ரத்தம் பாத்துக்கிட்டே இருப்போம்."

தனலட்சுமி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப இவர வெச்சி பரிசோதன பண்றீங்களாம்மா?" என்றாள்.

"ஆமாம்மா. பரிசோதனைதான்." டாக்டரம்மா நாற்காலியை அவள் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "தோல்ல வர்ற மெலனோமாவுக்கு இந்த மருந்து நல்லா கேக்குது. கண்ணுலேர்ந்து வர்றதுக்கு அவ்வளவா கேக்கறதில்ல. ஆபரேஷனுக்கு முன்னாடி குடுத்தா பலன் ஜாஸ்தியா இருக்குமான்னு தெரிஞ்சுக்கத்தான் இது. மருந்துக்கு நீங்க எதுவும் தர வேணாம். ஆனா இவருக்குக் கேக்கும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. வேணாம்னா சொல்லுங்க, நேரா ஆபரேஷன் பண்ணிடலாம். யாரும் கோவிச்சுக்க மாட்டோம்."

ஊருக்கு வந்ததும் ஆளுக்கொன்று சொன்னார்கள். தனலட்சுமியின் தம்பி சேகர் எலவனாசூர் பக்கம் கரும்பு போடுகிறவன். "எலிக்குப் போட்டுப் பாக்கற மாதிரி உனக்குப் போட்டுப் பாக்கறேன்றாங்க, நீயும் சரின்ற! உள்ள கீற கட்டிய வெட்டி வீசாம வேடிக்க பாப்பாங்களா மாமா?" என்று சத்தம் போட்டான். அவன் கேட்டது என் மனதில் இருந்ததைத்தான். வெட்டு, எடு, முடி. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. உள்ளே ஒன்று வளர்ந்துகொண்டிருக்க, மாதக்கணக்கில் சும்மா இருக்க வேண்டும் என்றால் உடம்பெல்லாம் அரிக்கிற மாதிரி இருந்தது.

முடிவைச் சொன்னது தனலட்சுமிதான். சுவரோரம் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலை நிமிராமல், "வெட்டிட்டு வந்து மறுபடி வந்திச்சின்னா, நாம மொதல்லயே மருந்து போட்டுக்கினு இருக்கலாமோன்னு நெனச்சி நெனச்சி நீங்க தூங்க மாட்டீங்க. மருந்து போட்டு அது கேக்கலன்னா, சரி, பாத்தோம், கேக்கலன்னு ஆவும்" என்றாள். அவளுக்கு என்னைத் தெரியும். கையெழுத்துப் போட்டேன்.

மருந்து என்றால் மாத்திரை இல்லை. கையில் ஊசி குத்தி, பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை சென்னைக்குப் போக வேண்டும். சாய்ந்துகொள்கிற நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்த ஒரு ஹாலில் உட்காரவைத்தார்கள். முகத்துக்கு மாஸ்க் போடச் சொன்ன காலம் என்பதால் பக்கத்தில் இருக்கிறவர் முகம் பாதிதான் தெரியும். எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மா. என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். செஞ்சி பக்கத்தில் இட்லிக் கடை வைத்திருக்கிறார். பெயர் அஞ்சலை. அவருக்கு வலது கண், எனக்கு இடது கண். அவருக்கும் ஈரலில்தான். அவரும் இதே பரிசோதனையில்தான் சேர்ந்திருந்தார்.

நான் ஊசியோடு காலை ஆட்டிக்கொண்டே இருந்தேன். அவர் பார்த்தார்.

"இன்னா வேல பாக்கற நீ?"

"பஸ் டிரைவரா இருந்தங்க்கா."

"அதான் கால் கிளட்ச்ச மிதிச்சிக்கினே கீது. கொஞ்ச நேரம் நியூட்ரல்ல வெய்யி டிரைவரே."

நர்ஸ் பெண்ணுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து நான் அவருக்கு டிரைவர்தான்.

முதல் தடவை ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது தடவைக்குப் புறப்பட்ட அன்று பாதி வழியில் மாட்டிக்கொண்டோம். இடஒதுக்கீடு கேட்டு எங்கள் ஆட்கள் போராடிக்கொண்டிருந்த நேரம் அது. மனு கொடுப்பது, ஆர்ப்பாட்டம், மறியல் என்று அடிக்கடி ஏதாவது நடக்கும். நானும் தனலட்சுமியும் சென்னை பஸ்ஸில் ஏறி, உளுந்தூர்ப்பேட்டைக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது வண்டி நின்றது. முன்னால் வரிசையாக லாரிகள். ரோட்டில் கூட்டம் உட்கார்ந்திருந்தது. போலீஸ் ஓரமாக நின்றது.

எனக்குப் பொறுக்கவில்லை. இறங்கி நடந்தேன். தனலட்சுமி பின்னாலேயே ஓடி வந்தாள். கூட்டத்தின் முன்வரிசையில், தோளில் துண்டோடு சேகர் உட்கார்ந்திருந்தான்.

என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தான். "மாமா, இன்னிக்கா ஊசி?"

"இன்னிக்குத்தான்."

"ஆம்புலன்ஸ்னா வுட்டுக்கினுதான் கீறோம். நீ பஸ்ல வந்து நிக்கற, பாத்தா கல்லு மாதிரி கீற. யாருகிட்ட இன்னான்னு சொல்றது?"

அவன் சொன்னதில் தப்பில்லை. இந்த நோயில் அது ஒரு கஷ்டம். உள்ளே என்ன நடந்தாலும் வெளியே ஆள் நன்றாகவே தெரிவான்.

தனலட்சுமி அவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். திட்டியிருந்தால்கூட அவனுக்குப் பரவாயில்லை. அவள் திட்டவில்லை. "நீ உக்காருடா. ஒம் புள்ளைக்காக உக்காந்துக்கினு கீற. நாங்க நாளைக்கிப் போறோம்" என்றாள். சேகரின் மகன் படிப்பை முடித்துவிட்டு, பரீட்சை மேல் பரீட்சை எழுதிக்கொண்டு வேலையில்லாமல் வீட்டில் இருந்தான்.

சேகர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். பக்கத்தில் இருந்தவர்களிடம் போய் ஏதோ சொன்னான். ஒருவர் கையை நீட்டிக் கோபமாகப் பேசினார். இவனும் பேசினான். பிறகு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்து எங்கள் பஸ் டிரைவரிடம், "பின்னாலயே வா. ஏரிக்கர வழியா வுட்டு அந்தாண்ட ஏத்தி வுடறேன்" என்றான்.

அது மாட்டு வண்டியும் கரும்பு டிராக்டரும் போகிற வழி. பஸ் டிரைவர் சின்ன வயதுக்காரர், தயங்கினார். நான் முன் படிக்கட்டில் இறங்கி நின்றுகொண்டேன். "ஒடி, ஒடி... நேரா வுடு... பின் சக்கரம் பள்ளத்துல போவுது, லெப்ட்ட அடி" என்று கத்திக்கொண்டே வந்தேன். உள்ளே இருந்த ஜனங்கள் சீட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சேகர் முன்னால் போய் ஆடுகளை விரட்டினான், ஒரு கரும்பு வண்டியைக் கொல்லைக்குள் இறக்கச் சொல்லிக் கெஞ்சினான். பெரிய ரோட்டைத் தொட்டதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு மறுபடி மறியலுக்கே போய்விட்டான். ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. நோய் வந்த பிறகு நான் நிம்மதியாக இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அஞ்சலையக்காவுக்கு மருந்து ஏறி முடியப்போகிறது. மறியலுக்குப் பயந்து முந்தின நாளே வந்து வராந்தாவில் படுத்திருக்கிறார். "உங்க ஆளுங்கதான போல, ரோட்டுல?" என்றார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. தலையாட்டினேன். "கேக்கட்டும், கேட்டாத்தான் கெடைக்கும். எங்க ஆளுங்களுக்கும் ஒண்ணும் சும்மா வந்துடல" என்று சொல்லிவிட்டு, தூக்குவாளியைத் தள்ளி வைத்தார். "இட்லி கீது. துன்னு. மூஞ்சியெல்லாம் ஒரே புழுதி."

அதற்கு அடுத்த வாரம் ரத்தம் பார்த்தபோதுதான் சிக்கல் வந்தது. ஈரல் புண்பட்டால் ரத்தத்தில் ஏறுகிற ஒரு அளவு இருக்கிறதாம். அது எனக்கு ஏகத்துக்கும் ஏறிவிட்டது. பிரேக் இல்லாத அணுக்கள் கட்டியை அடித்தனவோ இல்லையோ, நல்ல ஈரலை அடிக்க ஆரம்பித்துவிட்டன. மூன்றாவது தடவை மருந்தை டாக்டரம்மா நிறுத்திவிட்டார். ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து அணுக்களை அடக்கப் பார்த்தார். அளவு இறங்காவிட்டால் ஆபரேஷனும் கிடையாது என்றார். பாதி மருந்தும் போய், வெட்டுவதும் போய், இரண்டுமில்லாமல் நிற்கப்போகிறேனா என்று பயந்தேன்.

அந்த மாத்திரை இருக்கிறதே, அது சும்மா இருக்கிறவனையே ஆட்டிவைக்கும். என்னைக் கேட்கவா வேண்டும்? தூக்கமில்லை. பசியோ பசி. வீட்டில் இருந்த ஃபேன்களையெல்லாம் கழற்றித் துடைத்தேன். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கித் தேய்த்துக்கொண்டிருந்தபோது தனலட்சுமி பார்த்துவிட்டு அழுதேவிட்டாள். கவிதா என் முன்னால் போனைப் பார்ப்பதில்லை. இந்த நோயைப் பற்றி ஏதோ படித்திருக்கிறாள் என்று அவள் முகத்தில் தெரியும். கேட்டால் பாடம் படிக்கிறேன் என்பாள்.

ஒருநாள் காலையில் பால் வாங்கப் போனவன், கால் போன போக்கில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வெள்ளிமலை பஸ்ஸில் ஏறிவிட்டேன். டிரைவருக்குப் பின்னால் இருக்கிற சீட். கச்சிராயப்பாளையம் தாண்டி மலை ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் என் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. மேலே காற்று குளிர்ந்திருந்தது. தெரிந்த டீக்கடைக்காரர், "வாங்க டிரைவரே, எங்க ஆளயே காணும்? டூட்டி மாத்திட்டாங்களா?" என்றார். ஆமாம் என்றேன். டீ வாங்கினேன். கடுக்காய் மூட்டையை ஏற்றிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்றுதான் வந்திருக்கிறேன் என்பது அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கே புரிந்தது. புரிந்ததும் உட்கார முடியவில்லை. டீயை முழுசாகக் குடிக்காமல் கீழே இறங்கும் பஸ்ஸைத் தேடி ஓடினேன்.

மேலே போனுக்கு சிக்னல் கிடையாது. கீழே வந்ததும் வரிசையாக அடித்தது. வீட்டு வாசலில் தனலட்சுமி, கவிதா, சேகர், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் நின்றார்கள்.

"பால் எங்க?" என்றாள் தனலட்சுமி.

நான் செருப்பைக் கழற்றினேன்.

"சொல்லிட்டுப் போனா நானும் வந்திருப்பன் இல்ல? கல்யாணம் ஆவி இத்தினி வருஷத்துல நீ ஓட்டுன பஸ்ஸுல நான் மலைக்கி ஒரு தடவ வந்திருப்பனா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். கோபத்தில் அவள் என்னை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

மெல்ல மெல்ல ரத்த அளவு இறங்கியது. புறங்கையில் தேமல் மாதிரி வெள்ளைத் திட்டுகள் வந்தன. அணுக்கள் தோலில் இருக்கிற கறுப்பு நிறத்தையும் அடிக்கின்றன என்பதற்கு அது அடையாளம் என்றார் டாக்டரம்மா. "நல்லதாம்மா?" என்று தனலட்சுமி கேட்டாள். "நல்லதா இருக்கலாம்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். ஸ்கேன் எடுத்தார்கள்.

முடிவு சொல்ல என்னையும் அஞ்சலையக்காவையும் ஒரே நாளில் வரச் சொல்லியிருந்தார்கள். அவர் முதலில் உள்ளே போனார். நான் வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தேன். அவர் வெளியே வந்து, என்னைப் பார்க்காமல் பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். அதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

எனக்கு ஒரு கட்டி சுருங்கியிருந்தது. மற்ற இரண்டும் அதே அளவு. புதிதாக எதுவும் இல்லை. அறுவை டாக்டர் எழுந்து வந்து என் தோளைத் தொட்டார். "இப்ப வெட்டலாம் பழனிவேல்."

தனலட்சுமி டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு வெளியே போகக் கால் வரவில்லை. பெஞ்சைத் தாண்டாமல் போக வழியில்லை.

"ஒனக்குக் கெடச்சிதா?" என்றார் அஞ்சலையக்கா.

"கெடச்சிதுக்கா."

"எனக்கு மூணு கட்டி ஏழாயிடுச்சாம். வெட்டிப் பிரயோஜனம் இல்லன்ட்டாங்க. வேற மருந்து குடுக்கறாங்களாம்." மாஸ்க்குக்கு மேலே அந்த ஒற்றைக் கண் என்னையே பார்த்தது. "ஏன் மூஞ்ச தொங்கப்போட்டுக்கினு நிக்கற? போ. போயி வெட்டிக்கினு வா."

தனலட்சுமி அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நான்தான் நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் தண்ணீர் பிடிக்கப் போனேன்.

ஆபரேஷனைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. மயக்க ஊசி போட்டவர் எந்த ரூட்டில் ஓட்டினீர்கள் என்று கேட்டார், வெள்ளிமலை என்று முழுசாகச் சொல்லி முடிக்கவில்லை. விழித்தபோது மூக்கில் ஒரு குழாய், விலாவில் ஒரு குழாய், கீழே ஒரு குழாய். வயிற்றில் எழுத்து எழுதினது மாதிரி நீளமான வெட்டு. இருமினால் உயிர் போகும். ஒரு டப்பாவை வாயில் வைத்து உறிஞ்சி உள்ளே இருக்கும் பந்தை மேலே எழுப்பச் சொன்னார்கள், நெஞ்சில் சளி கட்டாமல் இருப்பதற்காக. வார்டில் எல்லாரும் நடக்க மாட்டேன் என்று அடம்பிடிக்க, என்னை மட்டும் "போதும், வந்து படுங்க" என்று நர்ஸ்கள் விரட்டினார்கள். சேகர் தினமும் யாரிடமாவது கேட்டு ஒரு இளநீர் கொண்டுவந்துவிடுவான். எனக்குக் குடிக்க அனுமதி இல்லை என்று தெரிந்த பிறகும் கொண்டுவந்தான். தனலட்சுமி குடித்தாள்.

வெட்டி எடுத்ததை மெல்லிய துண்டுகளாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்த்திருக்கிறார்கள். இந்தப் பரிசோதனையில் அதுதான் முக்கியம் என்றார் டாக்டரம்மா. ஸ்கேனில் அளவுதான் தெரியும். செத்த கட்டியா உயிருள்ள கட்டியா என்று வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். அளவு மாறாமல் இருந்த இரண்டில் ஒன்று முழுக்கச் செத்துப்போயிருந்தது. சுருங்கியிருந்ததும் செத்திருந்தது. மூன்றாவதன் ஓரத்தில் மட்டும் உயிருள்ள அணுக்கள் மிச்சம் இருந்தன. முழுக்க எடுத்தாகிவிட்டது. "இனிமே வராதுன்னு சொல்ல மாட்டேன். மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டணும்" என்றார். அந்த மூன்று மாதங்களை எப்படிக் கடத்துவது என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஸ்கேனுக்கு முந்தின வாரம் எங்கள் வீட்டில் யாரும் என்னோடு பேச்சுக் கொடுப்பதில்லை.

நான் அவரிடம் ஒன்று கேட்டேன். "மருந்து கேக்காதவங்களையும் இந்தக் கணக்குல எழுதுவீங்களா மேடம்?"

யாரைக் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரியும். ஒருவர் விஷயத்தை இன்னொருவரிடம் பேசமாட்டார். "கேட்டவங்களவிட கேக்காதவங்ககிட்டதான் நாங்க நிறைய கத்துக்கறோம். ஏன் கேக்கலன்னு தெரிஞ்சாத்தான் அடுத்த மருந்து" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து, தையல் பிரித்த பிறகு, அஞ்சலையக்காவிடமிருந்து போன் வந்தது. நானாகப் பேசியிருக்க வேண்டும். என்ன பேசுவது என்று தெரியாமல் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

"டிரைவரே, வெட்டி எடுத்தாங்களே, அத நீ பாத்தியா?"

"போட்டோவுல காட்டுனாங்கக்கா."

"எப்டி இருந்திச்சி?"

"கறுப்பா. ஈரலுக்குள்ள தார் கொட்டுன மாதிரி."

"அவ்ளோதானா?" பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. "எனக்கு ஒண்ணுதான் மனசுல. அத்தினி தடவ போயி வந்தன். கடைய சாத்திட்டுப் போயி வந்தன். எனக்கும் ஒண்ணும் ஆவல, அவங்களுக்கும் என்னால ஒண்ணும் ஆவல. சும்மாவா போயி வந்தன்னு."

டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். எனக்குத் தெரிந்த வரையில் விளக்கியும் சொன்னேன். நேராக வெட்டியிருந்தால் வயிற்றில் இவ்வளவு பெரிய வெட்டோடு, அந்த ஏழும் வந்திருக்கும். அது தப்பியது. அதோடு, கேட்காமல் போனதும் அங்கே கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது.

"அப்ப நாளைக்கி இந்த நோவோட ஒருத்தி வந்தாள்னா, இந்தம்மாவுக்கு அந்த மருந்து கேக்கல, ஒனக்கு வேற குடுக்கறோம்னு என்னிய வெச்சி சொல்லுவாங்களா?"

"சொல்லுவாங்கக்கா."

"உம் மேல சத்தியமா?"

"எம் மேல சத்தியமா."

"அப்பச் சரி" என்றார். உடனே குரலை உயர்த்தி, "இருப்பா, வர்றேன், வாய்க்குள்ள எறும்பா பூந்திடும்?" என்று யாரையோ அதட்டினார். போனை வைக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது. இட்லிப் பானையின் மூடியைத் திறக்கிற சத்தமும், யாரோ இன்னும் கொஞ்சம் சட்னி கேட்கிற சத்தமும் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தன. நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.